ஈர வெயில்: திருபுவனையின் கோடையும் அதை அளக்காத அளவுகோலும்

கடலோர ஊர் ஒன்றில் வெப்ப அலை வீசுகிறது என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை சொல்ல வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். பகல் வெப்பநிலை குறைந்தது 37 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். அது அந்த நாளுக்குரிய வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். ஒரு வானிலை உட்பிரிவில் இரண்டு நிலையங்களிலாவது தொடர்ந்து இரண்டு நாள் இப்படி இருந்தால்தான், இரண்டாம் நாள் அறிவிப்பு வரும். புதுச்சேரியில் மே மாதத்தின் வழக்கமான உச்ச வெப்பமே 37ஐ ஒட்டித்தான் இருக்கிறது. ஆகவே இங்கே வெப்ப அலை என்று பெயர் சூட்ட 41 டிகிரியைத் தாண்டியாக வேண்டும். அதற்குக் கீழே எவ்வளவு புழுங்கினாலும் ஏட்டில் அது வழக்கமான கோடைதான்.

இந்த வழக்கமான கோடையைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. பேசுவதற்கு எடுத்துக்கொண்ட இடம் திருபுவனை. கடலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உள்ளே, புதுச்சேரி–விழுப்புரம் நெடுஞ்சாலையில், மண்ணாடிப்பட்டு கொம்யூன் பஞ்சாயத்தில் இருக்கும் ஊர். சோழர் காலத்துச் சதுர்வேதிமங்கலம். வரதராசப் பெருமாள் கோயிலின் கற்சுவர்களில் கல்வெட்டுகள் நிறைந்திருக்கின்றன. பெரிய ஏரி உண்டு. ஏரிக்குக் கீழே நெல்லும் கரும்பும் விளைகின்றன. சாலையோரத்தில் சலவை இயந்திரம் செய்யும் பன்னாட்டு ஆலையிலிருந்து தகரக் கொட்டகைப் பட்டறைவரை அடுத்தடுத்து நிற்கும் தொழிற்பேட்டை. கிழக்கே வில்லியனூர் கொம்யூனுக்கும் தெற்கே பாகூர் கொம்யூனுக்கும் போனாலும் இதே கலவைதான்: காலையில் வயலுக்கும் ஏரிக்கும் கட்டடத்துக்கும் பேட்டைக்கும் போகும் உடலுழைப்பாளர்கள், இரவில் காங்கிரீட் கூரைக்கும் சிமெண்ட் ஷீட்டுக்கும் கீழே படுக்கும் குடும்பங்கள்.

என் வாதம் சுருக்கமானது. இந்தச் சமவெளியில் ஆபத்தை உண்டாக்குவது வெப்பநிலை மட்டும் இல்லை. ஈரம், உழைப்பு, ஆறாத இரவு மூன்றும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. வெப்பமண்டலத் தீவுகள் சில இதைக் கணக்கில் எடுத்து, வேலை நேரத்தை அதற்கேற்ப வகுக்கத் தொடங்கிவிட்டன. ஏறத்தாழ அதே காற்றில் வாழும் நம் கரை மட்டும் உலர்ந்த வெப்பமானி காட்டும் எண்ணையே பெரிதாக நம்பியிருக்கிறது.

மேல்காற்றும் கடற்காற்றும்

கத்திரி வெயில் என்று நாம் சொல்லும் அக்னி நட்சத்திரக் காலம் சித்திரை 21ஐ ஒட்டித் தொடங்கி வைகாசி நடுவில் முடிகிறது. ஆங்கிலத் தேதியில் மே 4 முதல் 28 வரை. இந்த நாள்களில் ஊரின் தலையெழுத்தை எழுதுவது காற்றின் திசைதான். காலையிலிருந்து மேல்காற்று வீசும். உள்மாவட்டங்களின் காய்ந்த நிலத்தின் மேல் வருவதால் அது உலர்ந்த, சுடும் காற்று. நிலம் சூடேறி, கடலுக்கும் தரைக்கும் அழுத்த வேறுபாடு கூடியதும் கடற்காற்று புறப்படும். கரையில் அது முன்பகலிலோ நண்பகலிலோ வந்துவிடும். 20 கிலோமீட்டர் உள்ளே வந்து சேர இன்னும் நேரமாகும். மேல்காற்று வலுவாக இருக்கும் நாளில் அது கரையையே தாண்டாது. வங்கக் கடலில் புயல் உருவாகி வடக்கே நகரும்போது கடலின் ஈரம் அங்கே இழுக்கப்பட்டு, இங்கே வறண்ட காற்று ஆதிக்கம் செலுத்துவதும் உண்டு. 2003ஆம் ஆண்டு மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. மேல்காற்றின் ஆட்சி நீடித்தால் இந்தக் கரை எவ்வளவு கொதிக்கும் என்பதற்கு அது அளவு.

கடற்காற்று வந்தால் பிழைத்தோம் என்பது கரையில் இருப்பவரின் அனுபவம். உள்ளே இருக்கும் ஊருக்கு அது பாதி உண்மைதான். காற்று வந்ததும் வெப்பமானி இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கூடவே ஈரப்பதம் ஏறும். ஏப்ரல், மே மாதங்களில் வங்கக் கடலின் மேற்பரப்பு நீர் 30 டிகிரியை ஒட்டியிருக்கிறது. அந்த வெதுவெதுப்பான நீரிலிருந்து எழும் ஆவியைத்தான் காற்று சுமந்து வருகிறது. ஆக, திருபுவனை போன்ற ஊர் ஒரே நாளில் இரண்டு வெயிலைப் பார்க்கிறது: முன்பகலில் தோலைச் சுடும் உலர்வெயில், பிற்பகலில் மூச்சை அடைக்கும் ஈரவெயில். ஊர்மக்கள் முதலாவதை வெக்கை என்றும் இரண்டாவதைப் புழுக்கம் என்றும் பிரித்தே பேசுகிறார்கள். வானிலை அறிவிப்பு நாளின் உச்ச வெப்பநிலை என்ற ஒரே எண்ணைத் தருகிறது. அது பெரும்பாலும் வெக்கையின் கணக்கு. புழுக்கத்தின் கணக்கு அதில் வருவதில்லை.

வியர்வை உலராதபோது

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. மண்வெட்டி பிடித்துக் கடுமையாக உழைக்கும்போது அது நான்கு மடங்காகும். சுற்றியுள்ள காற்று தோலைவிடச் சூடாக இருந்தால் இந்த வெப்பத்தை வெளியேற்ற உடலுக்கு ஒரே வழிதான் மிஞ்சும்: வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். இதில் 'ஆவியானால்' என்பதுதான் முக்கியம். வழிந்து சட்டையை நனைக்கும் வியர்வை உடலின் நீரையும் உப்பையும் வீணாக்குகிறதே தவிர, குளிர்விப்பதில்லை. மண்பானைத் தண்ணீர் வறண்ட நாளில் சில்லென்று இருப்பதும் புழுக்கமான நாளில் வெதுவெதுப்பாகவே கிடப்பதும் இதே விதியால்தான்.

இதை அளக்கும் கருவி எளியது. வெப்பமானியின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால், நீர் ஆவியாகி அது காட்டும் அளவு இறங்கும். காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு இறங்கும். இதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். வியர்வையால் உடலைக் குளிர்விக்க முடியுமா என்பதை ஏறத்தாழ இது சொல்லிவிடும்.

இரண்டு இடங்களை ஒப்பிடலாம். வட இந்தியச் சமவெளியில் ஒரு நாள் 42 டிகிரி, ஈரப்பதம் 20 விழுக்காடு. ஈரக்குமிழ் அளவு 24 டிகிரி. நம் கரையில் ஒரு பிற்பகல் 36 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு. ஈரக்குமிழ் அளவு 29ஐத் தாண்டுகிறது. முதல் நாளைப் பற்றித் தொலைக்காட்சியில் சிவப்பு எழுத்தில் செய்தி ஓடும். இரண்டாவது நாள் செய்தியே இல்லை. ஆனால் வியர்வை உலர்வது இரண்டாவது இடத்தில்தான் கடினம். வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணிக்கும் வெப்பக் குறியீட்டின்படி அங்கே உடல் உணரும் வெப்பம் 48 டிகிரியை நெருங்குகிறது.

எல்லை எங்கே இருக்கிறது? ஈரக்குமிழ் 35 டிகிரியை எட்டினால், நிழலில் சும்மா இருக்கும் ஆரோக்கியமானவர்கூட நெடுநேரம் தாங்க முடியாது என்று ஷெர்வுட்டும் ஹியூபரும் 2010இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். 2022இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இளைஞர்களை அறையில் வைத்துச் சோதித்தபோது, ஈரமான சூழலில் லேசான அசைவுக்கே 30, 31 டிகிரி அளவில் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கியது. நம் கரையின் வழக்கமான பிற்பகலுக்கும் அந்த எல்லைக்கும் இடைவெளி மிகக் குறைவு. அங்கே சோதிக்கப்பட்டவர்கள் திடகாத்திரமான இளைஞர்கள். இங்கே வயலில் நிற்பவர்களில் ஐம்பது, அறுபது வயதைக் கடந்த பெண்கள் ஏராளம்.

ஆலைக்குள் இருந்த அளவுகோல்

இந்த அறிவு புதியதும் இல்லை. ஸ்காட்லாந்து உடலியலாளர் ஜே. எஸ். ஹால்டேன் கார்ன்வால் சுரங்கங்களை ஆராய்ந்து, உழைப்பவரின் உடல் வெப்பத்தைத் தீர்மானிப்பது ஈரக்குமிழ் அளவுதான் என்று 1905இலேயே எழுதினார். பஞ்சாலைகளுக்கு இது அன்றாடச் சிக்கல். இழை அறாமல் நூல் ஓட வேண்டுமானால் காற்றில் ஈரம் வேண்டும். அதற்காக ஆலைக்குள் நீர்த்திவலையைத் தெளிப்பார்கள். நூலுக்கு இதமான காற்று தொழிலாளிக்குப் புழுக்கம். அதனால்தான் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் 1948, செயற்கையாக ஈரமூட்டுவதற்குத் தனிப்பிரிவே வைத்தது. அதன் கீழ் பல மாநிலங்கள் வகுத்த விதிகள், வேலைக்கூடத்தில் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஈரக்குமிழ் வெப்பநிலை 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்றும், காற்று நிமிடத்துக்கு 30 மீட்டராவது ஓட வேண்டும் என்றும் வரையறுத்தன.

கூட்டுறவு நூற்பாலையைக் கண்ட ஊரான திருபுவனைக்கு இது அந்நியமான செய்தி இல்லை. ஆலைச் சுவருக்குள் பல தலைமுறையாக இருந்த அளவுகோல், சுவரைத் தாண்டி வயலுக்கும் ஏரிக்கரைக்கும் வந்து சேரவில்லை என்பதே குறை.

தீவுகள் கற்ற பாடம்

சுற்றிலும் வெதுவெதுப்பான கடல் இருப்பதால் வெப்பமண்டலத் தீவில் வெப்பமானி 40ஐத் தொடுவது அரிது. இரவிலும் பெரிதாக இறங்காது. அங்கே வெப்பநிலையை மட்டும் பார்த்து எச்சரித்தால் எந்த நாளுமே எச்சரிக்க முடியாது. எனவே தீவுகளுக்கு வேறு அளவு தேவைப்பட்டது.

அந்த அளவு பிறந்ததும் ஒரு தீவோடு தொடர்புடையதுதான். அமெரிக்காவின் தென் கரோலினாவில், கடலோரச் சதுப்பு நிலத்துக்கு நடுவே இருக்கும் பாரிஸ் ஐலண்டு மரைன் படைப் பயிற்சி முகாமில் பயிற்சி வீரர்கள் கோடையில் அடுத்தடுத்துச் சுருண்டு விழுந்தார்கள். அதைத் தடுக்க 1950களில் யாக்லூ, மினார்டு ஆகியோர் ஒரு கூட்டுக் குறியீட்டை வகுத்தார்கள். ஈரக்குமிழ் அளவுக்கு 70 விழுக்காடு, வெயிலில் வைத்த கறுப்பு உலோக உருண்டையின் வெப்பத்துக்கு 20 விழுக்காடு, சாதாரண வெப்பமானிக்கு வெறும் 10 விழுக்காடு. நாம் நாள்தோறும் செய்தியில் பார்க்கும் எண்ணுக்கு அந்தக் கணக்கில் பத்தில் ஒரு பங்கு மதிப்புதான்.

சிங்கப்பூர் இதே குறியீட்டைக் கொண்டு 2023இல் பொதுமக்களுக்கான வெப்ப எச்சரிக்கையைத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் மனிதவள அமைச்சு வெளியில் வேலை செய்வோருக்கான நெறிமுறையை அறிவித்தது. அந்தக் குறியீடு 32 டிகிரியைத் தொட்டால் கடும் உழைப்பாளருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு. 33ஐத் தொட்டால் 15 நிமிடம். சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களில் தமிழர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அங்கே மணிக்கு மணி ஓய்வுக்கு உரிமை பெற்ற தொழிலாளி, விடுப்பில் ஊருக்கு வந்து தன் சொந்த வீட்டுக்குத் தளம் போடும்போது அந்த உரிமை அவரோடு வருவதில்லை.

பக்கத்துத் தீவான இலங்கையில் வளிமண்டலவியல் திணைக்களம் கோடையில் மாவட்ட வாரியாக வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடுக்கிறது. வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் சேர்த்து, மனித உடல் உணரும் வெப்பம் எவ்வளவு என்பதைக் 'கவனம்', 'மிகுந்த கவனம்' என்று படிநிலையாகச் சொல்கிறது. மன்னாரும் முல்லைத்தீவும் அந்தப் பட்டியலில் அடிக்கடி இடம்பெறுகின்றன. இந்திய வானிலைத் துறையும் 2023 ஏப்ரல் முதல் வெப்பக் குறியீட்டைச் சோதனை முறையில் வெளியிட்டது. வரவேற்க வேண்டிய தொடக்கம். ஆனால் வெப்ப அலைக்கான வரையறை பழைய நிபந்தனைகளிலேயே நின்றது. நிவாரணம், விடுமுறை, வேலை நேர மாற்றம் எல்லாம் அந்த வரையறையைப் பார்த்தே முடிவாகின்றன.

நடவு, கரும்பு, ஏரி மண்

திருபுவனை வட்டாரத்தின் வேளாண் நாட்காட்டியை வெயிலோடு பொருத்திப் பார்த்தால் ஆபத்தின் முழு வடிவம் தெரியும். நவரை அறுவடை முடிந்ததும், ஆழ்துளைக் கிணற்று நீர் உள்ளவர்கள் சொர்ணவாரிப் பட்டத்துக்கு நடவு தொடங்குகிறார்கள். அது சித்திரை, வைகாசியில் வருகிறது. சேற்று வயலில் கணுக்கால் அளவு நீர் வெயிலில் சூடேறி நிற்கும். அதிலிருந்து எழும் ஆவி, குனிந்து நாற்று ஊன்றும் பெண்ணின் முகத்துக்கு ஓரடி தள்ளித்தான் மேலேறுகிறது. முதுகில் வெயில், முகத்தில் ஆவி, காலடியில் வெந்நீர். வானிலை நிலையத்தின் வெப்பமானி நிழல்கூண்டுக்குள் இருக்கிறது. இவர் நிற்கும் இடத்தின் வெப்பம் அதற்குத் தெரியாது.

இதோடு ஒதுங்க இடமின்மையும் சேர்கிறது. வயலிலோ ஏரியிலோ கழிப்பிடம் கிடையாது. அதனால் பெண்கள் வேலைக்குப் போகும் முன்பும் வேலை நேரத்திலும் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பு, கிறுகிறுப்பு, வீட்டுக்கு வந்த பின் தலைவலி என்று கோடைக்கே உரிய தொல்லைகளாக அவற்றைச் சகித்துக்கொள்கிறார்கள். வெயிலைத் தாங்குவதற்கு முதல் தேவையான நீரைக் கழிப்பிடம் இல்லாத ஒரே காரணத்தால் குடிக்க முடியவில்லை என்பது வானிலையின் குற்றமாகாது.

கருவுற்ற பெண்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் திருவண்ணாமலைப் பகுதியில் 800 கருவுற்ற பெண்களை 2017 முதல் பின்தொடர்ந்து, 2024இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களில் 5 விழுக்காட்டினருக்குக் கருச்சிதைவு நேர்ந்தது. மற்றவர்களில் அது 2 விழுக்காடு. திருவண்ணாமலையின் வயலும் மண்ணாடிப்பட்டின் வயலும் உழைப்பின் தன்மையில் வேறுபடுவதில்லை.

கோடையில் ஏரியும் குளமும் வற்றிக் கிடப்பதால் நூறு நாள் வேலையில் தூர்வாரும் பணி அப்போதுதான் நடக்கிறது. நிழலே இல்லாத ஏரிப் படுகையில் மண்வெட்டியும் பாண்டும் பிடித்து நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். 2023 ஜனவரி முதல் எல்லாப் பணியிடங்களிலும் கைபேசிச் செயலியில் நாளுக்கு இரண்டு முறை வருகைப் படம் எடுப்பது கட்டாயமாக்கப்பட்டது. விடியற்காலையில் வந்து வெயிலுக்கு முன்னால் வேலையை முடித்தாலும், இரண்டாம் படத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஊழலைத் தடுக்க வந்த ஏற்பாடு, வெயிலைத் தவிர்க்கும் பழைய வழக்கத்தையும் தடுத்துவிட்டது.

கரும்பின் கதை தனி. லிங்காரெட்டிப்பாளையத்தில் இருந்த புதுச்சேரி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை 2017இல் ஓய்ந்துவிட்டது. கரும்பு மட்டும் ஓயவில்லை; முண்டியம்பாக்கம் போன்ற வெளி ஆலைகளுக்குப் போகிறது. வெட்டு தள்ளிப்போகும் ஆண்டுகளில் கரும்பு வெட்டு ஆட்கள் கோடையின் உச்சத்தில் வயலில் இருக்கிறார்கள். ஆள் உயரக் கரும்புக்குள் காற்று புகாது. தோகை அறுக்காமலிருக்க முழுக்கைச் சட்டை போட வேண்டும். கூலியோ டன் கணக்கில். ஓய்வெடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் தொழிலாளியின் சொந்தச் செலவு.

தொண்டைமண்டலத்துச் சிறுநீரக நோய்

வெயில் கொல்வது மயங்கி விழும் அந்த ஒரு நாளில் மட்டும் இல்லை. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் 2020இல் ஒரு பன்னாட்டுச் சிறுநீரகவியல் இதழில் எழுதிய கட்டுரை, இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு நோய்க்குப் பெயர் வைத்தது: தொண்டைமண்டல நெஃப்ரோபதி. சர்க்கரை நோயோ, நெடுநாள் இரத்த அழுத்தமோ இல்லாமலே சிறுநீரகம் சுருங்கிப்போன நோயாளிகள் புதுச்சேரியிலிருந்தும் சுற்றியுள்ள தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்தும் வந்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் வேளாண் கூலிகள். அறிகுறி தெரியும் முன்பே நோய் முற்றியிருந்தது.

காரணம் அறியப்படாத இதே வகைச் சிறுநீரக நோய் இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளிலும், ஆந்திரத்தின் உத்தானத்திலும், நிகராகுவா, எல் சால்வடோர் கரும்புத் தோட்டங்களிலும் உழைப்பாளர்களை வீழ்த்தியிருக்கிறது. நிலத்தடி நீர், பூச்சிக்கொல்லி, கன உலோகம் என்று பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. எல்லா இடத்துக்கும் பொதுவாக வலுப்பட்டுவரும் ஐயம், நாள்தோறும் வெயிலில் நீரிழந்து உழைப்பதால் சிறுநீரகத்துக்கு ஏற்படும் சிறுசிறு காயங்கள் ஆண்டுக்கணக்கில் சேர்கின்றன என்பது. தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்த வித்யா வேணுகோபால் குழு, 7 விழுக்காட்டினரிடம் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதைக் கண்டது. தமிழ்நாட்டு வேளாண் தொழிலாளர்களிடம் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியினர் நடத்தி 2025இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 20இல் ஒருவருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அதில் பாதிப் பேருக்குக் காரணம் தெரியவில்லை.

நிகராகுவாவின் கரும்பு ஆலை ஒன்றில் வெட்டுநர்களுக்குக் கட்டாய ஓய்வு, நடமாடும் நிழற்பந்தல், நீர், உப்புக் கரைசல் நான்கையும் ஒழுங்காகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவத்துக்குள் சிறுநீரகக் காயம் கணிசமாகக் குறைந்தது. மருந்து எதுவும் தரப்படவில்லை. மண்ணாடிப்பட்டின் கரும்புக்கும் இது பொருந்தும். இங்கே டயாலிசிஸ் படுக்கைகளுக்குச் செலவாகும் பணத்தோடு ஒப்பிட்டால் ஒரு பந்தலும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் அற்பச் செலவு.

ஆறாத இரவு

பகலில் ஏறிய உடல் வெப்பத்தை இரவு இறக்க வேண்டும். ஈரக் காற்றுள்ள ஊரில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விரைவில் விடாது. காற்றிலுள்ள நீராவி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதோடு கூரையும் சேர்ந்தது. தீ விபத்துகளாலும் மழையாலும் அலுத்த மக்களுக்குப் புதுச்சேரி அரசின் கல்வீட்டுத் திட்டம் பெரும் விடுதலை. கீற்றுக் கொட்டகை போய்க் காங்கிரீட் தளம் வந்தது. பாதுகாப்பு கூடியது, ஆனால் நான்கைந்து அங்குல காங்கிரீட் பகல் முழுதும் வெயிலைக் குடித்து, இரவெல்லாம் கீழே படுத்திருப்பவர் மேல் அதைக் கக்குகிறது. மின்விசிறி அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றி வீசுகிறது. மேலே தட்டோடு பதிக்கவோ, குளிர்வண்ணம் பூசவோ பணம் மிஞ்சாத வீடுகளில் இந்தத் துன்பம் அதிகம். மொட்டைமாடியில் படுப்பது ஆண்களுக்கு எளிது. பெண்கள் பெரும்பாலும் உள்ளேதான்.

வானிலைத் துறையின் வெப்ப இரவு வரையறையோ, பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டிருந்தால்தான் பொருந்தும். பகலில் 38, இரவில் 30 என்று புழுங்கும் கரைக்கு அந்தச் சொல்லும் எட்டாது. தூக்கமின்றி எழுந்து மறுநாள் காலை வேலைக்குப் போகிறவரின் உடல் முந்தைய நாளின் பாக்கியோடுதான் தொடங்குகிறது.

எல்லைக் கற்களும் இறப்புப் பதிவேடும்

புதுச்சேரியின் நிலப்பரப்பு துண்டு துண்டாகத் தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கிறது. வில்லியனூரிலிருந்து திருபுவனைக்குப் பேருந்தில் வந்தால் நடுவில் கண்டமங்கலம் வரும், அது தமிழ்நாடு. திருபுவனை, மதகடிப்பட்டு தாண்டினால் வளவனூர், அதுவும் தமிழ்நாடு. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆணையிட்டது. அந்த ஆணை கண்டமங்கலத்துக் கூலிக்குப் பொருந்தும். சில கிலோமீட்டர் தள்ளி அதே வேலையைச் செய்யும் திருபுவனைக் கூலிக்குப் பொருந்தாது. நிதி ஆணைய வரம்புக்குள் வராத ஒன்றியப் பிரதேசம் என்பதால் மாநிலங்களுக்குக் கிடைக்கும் பேரிடர் நிதி வழியும் புதுச்சேரிக்கு அதே வடிவில் இல்லை.

உள்ளூர் நிர்வாகமும் நொண்டிதான். 38 ஆண்டுகளுக்குப் பிறகு 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்த பின் பல ஆண்டுகளாக ஆணையர்களே கொம்யூன்களை நடத்திவருகிறார்கள். எந்தத் தெருவில் முதியவர் தனியாக இருக்கிறார், எந்த வீட்டில் தகரக் கூரை என்று தெரிந்த வார்டு உறுப்பினர் இல்லை. 2024 கோடையில் புதுச்சேரி நகரச் சிக்னல்களில் பொதுப்பணித் துறை கட்டிய பச்சை நிழல்வலை நாடெங்கும் பாராட்டுப் பெற்றது. நல்ல வேலைதான். ஆனால் இருசக்கர வாகனத்தில் ஒரு நிமிடம் நிற்பவருக்குக் கிடைத்த நிழல், ஏரிப் படுகையில் ஐந்து மணிநேரம் நிற்பவருக்குக் கிடைக்கவில்லை.

எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற கேள்விக்கு மருத்துவச் சான்றிதழ் விடை தராது. வெயில் தாக்கி இறந்தவருக்கு மாரடைப்பு என்றோ சிறுநீரகச் செயலிழப்பு என்றோதான் எழுதப்படும். அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்பத்தின்போது என்ன நடந்தது என்பதை ஆய்வாளர்கள் வேறு வழியில் கண்டார்கள்: எல்லாக் காரணங்களாலும் நிகழ்ந்த இறப்புகளை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டார்கள். 1,344 இறப்புகள் கூடுதலாக இருந்தன. அதன் விளைவாக 2013இல் அந்த நகரம் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. புதுச்சேரியில் பிறப்பு இறப்புப் பதிவேடு கொம்யூன் பஞ்சாயத்திலேயே இருக்கிறது. ஏப்ரல், மே, ஜூன் இறப்புகளை ஆண்டுவாரியாக, வயதுவாரியாக எண்ணி, அந்நாள்களின் ஈரக்குமிழ் அளவோடு வைத்துப் பார்க்கப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு கல்லூரி மாணவர் குழுவே செய்யலாம்.

செய்ய வேண்டியவை

முதலாவது, அளவுகோல். ஒவ்வொரு கொம்யூன் அலுவலகத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஈரக்குமிழ் வெப்பமானி ஒன்றை மாட்டி, நாளுக்கு நான்கு முறை கரும்பலகையில் எழுத வேண்டும். 28க்கு மேல் கவனம், 30க்கு மேல் வெளிவேலை நிறுத்தம் என்ற எளிய விதி போதும்.

இரண்டாவது, நேரம். கேரளத்தில் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் கோடையில் நண்பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கத் தடை விதிக்கிறது. புதுச்சேரியும் அதைப் பின்பற்றலாம். நம் புழுக்கம் பிற்பகலில் உச்சம் தொடுவதால் 11 முதல் 4 வரை நிறுத்துவது இன்னும் பொருத்தம். நூறு நாள் வேலையின் வருகைப் படத்தைக் கோடை மாதங்களில் காலையோடு முடித்துக்கொள்ள வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவருக்கு, குறிப்பாகப் பேட்டைக்கு வரும் வடமாநிலத்தவருக்கு, உடல் வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை வேலைச்சுமையைக் குறைக்க வேண்டும்.

மூன்றாவது, நிழல், நீர், கழிப்பிடம். மூன்றும் பணியிடத்திலேயே இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் போதாது; மோர், உப்புப் போட்ட நீராகாரம், ஓ.ஆர்.எஸ். கரைசல் என எதுவானாலும் உப்பு சேர வேண்டும். ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலந்தால் வீட்டிலேயே கரைசல் தயார்.

நான்காவது, கூரை. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கையை அறிவித்தது. கல்வீட்டுத் திட்டத்தின் மானியத்தோடு கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்போ குளிர்வண்ணமோ பூசும் தொகையையும் சேர்ப்பது புதுச்சேரிக்குப் பெரிய சுமையாகாது.

ஐந்தாவது, எல்லை கடந்த நிவாரணம். தமிழ்நாட்டு ஆணைக்கு இணையான ஆணை புதுச்சேரியிலும் வேண்டும். வெப்ப அலை அறிவிக்கப்பட்ட நாளில் இறந்தால் மட்டுமே என்ற நிபந்தனை இல்லாமல்.

வாசகரும் ஒன்றை நினைவில் வைக்கலாம். வெயிலில் உழைத்த ஒருவர் பேச்சுக் குழறி, தடுமாறி, உடல் கொதித்தால் அது சாதாரண மயக்கம் இல்லை. 108ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை காத்திராமல் அவரை நிழலுக்குத் தூக்கிவந்து, உடையைத் தளர்த்தி, கையில் கிடைக்கும் தண்ணீரை உடல் முழுதும் ஊற்றி விசிறுங்கள். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். முதலில் குளிர்விப்பது, பிறகு மருத்துவமனை. இந்த வரிசைதான் உயிரைக் காக்கிறது.

கோடையை நம்மால் மாற்ற முடியாது. வேலை நேரத்தையும் கூரையின் நிறத்தையும் பதிவேட்டின் கணக்கையும் மாற்றலாம். வெப்பமானி 41ஐத் தாண்டட்டும் என்று காத்திருக்கும் நிர்வாகம், 36 டிகிரியில் வயலில் விழுபவரைக் காப்பாற்றப் போவதில்லை. வரும் சித்திரைக்கு முன்பே மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஈரக்குமிழ் அளவையும் அதையொட்டிய வேலை நேரத்தையும் புதுச்சேரி அரசு அறிவிக்க வேண்டும்.